அஞ்செட்டி திறந்த சம்பளப் பட்டியல்

முனிராஜு இறந்த செய்தி பெயரில்லாத ஓர் எண்ணிலிருந்து எனக்கு வந்தது. காலையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது, செய்தித்தாளை இன்னும் பிரிக்கவில்லை. கைப்பேசித் திரையில் முன்பின் அறியாத பத்து இலக்கங்களும், அவற்றின் கீழே "முனிராஜு சார் தவறிட்டார், தளி ரோடு வீட்டில்" என்ற ஒரு வரியும் இருந்தன. அனுப்பியவர் தம் பெயரைப் போடவில்லை. துக்கம் வருவதற்கு முன் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெறும் எண்ணாக வரும் ஒன்றை யாரென்று கண்டுபிடிக்கும் வேலையில்தான் நானும் முனிராஜுவும் பல ஆண்டுகள் சண்டை போட்டோம். அவருடைய மரணச் செய்தியே இப்படி வந்து சேர்ந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த எண்ணை அழைத்தேன்.

"யார் பேசறது?"

"அஞ்செட்டி மனுசன் பேசறேங்க மேடம்."

"மாதேஷா? பேர் போட்டு அனுப்ப மாட்டாயா?"

"பழைய நம்பர் போயிடுச்சுங்க. இது புதுசு. உங்ககிட்ட என் பேர் வரும்னு நெனச்சுட்டேன்."

"செய்தி நிஜமா?"

"நான் அவரு வீட்டு வாசல்லதாங்க நிக்கறேன். நல்லா சாப்புட்டுட்டுப் படுத்தவருதான். காலையில எழுந்திரிக்கல."

"என்ன சாப்பிட்டாராம்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"களியும் கோழிக்குழம்பும்ங்க."

கோழிக்குழம்பை மருத்துவர் விலக்கச் சொல்லியிருந்தார். அப்படியானால் முனிராஜு கடைசிவரை முனிராஜுவாகவே இருந்திருக்கிறார் என்று உறுதியாயிற்று. ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுப் புடவை மாற்றினேன்.

இதைப் படிக்கும், நம் ஆலையின் முன்னாள் ஊழியர்களான உங்களில் பெரும்பாலோர் முனிராஜுவை அறிந்தவர்கள். பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் நம் ஆலையின் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து வைப்பது அவர் பொறுப்பு. அந்தக் கணினிகளிலிருந்து வந்து சேரும் சரக்கு, விலை, சம்பளம் ஆகிய எல்லா விவரங்களையும் வைத்துக் காக்கும் தரவுத்தளம் என் பொறுப்பு. அவர் சாலை போட்டார், நான் கிடங்கின் சாவியை வைத்திருந்தேன். சாலை போடுகிறவருக்கு வண்டிகள் ஓடினால் போதும், சாவி வைத்திருப்பவளுக்கு எந்த வண்டியையும் பிடிக்காது. எங்கள் உறவின் சுருக்கம் இதுதான்.

ஜவளகிரிப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம் அவருடையது. கேழ்வரகும் யானைத் தொல்லையும் பரம்பரையாக உண்டு. வீட்டில் தெலுங்கு, மாமியாரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். ஆலைப் பதிவில் அவர் முனிராஜ், வீட்டாருக்கு முனிராஜு, மனைவியின் ஊரில் முனிராஜப்பா. அடையாள அட்டையைத் தொங்கவிட்டபடி, "எனக்கு மூணு பேரு மேடம், ஆனா எம்ப்ளாயி நம்பர் ஒண்ணுதான்" என்பார். அவருக்குத் தற்பெருமை உண்டு. தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்வதை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று ஓய்வுபெறும்வரை நம்பினார். நாங்களும் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை.

எங்கள் முதல் சண்டை, கணினிகளுக்குப் பெயர் வைப்பது பற்றியது. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் முகவரியாக ஓர் எண் கிடைக்கும். நான்கு எண்களும் நடுவில் மூன்று புள்ளிகளும் கொண்ட அந்த முகவரி மனிதர் நினைவில் நிற்காது. ஆகவே படிக்கத் தக்க ஒரு பெயரும் வேண்டும். புள்ளியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற நான், ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒழுங்கான பெயர்முறை ஒன்றை வகுத்துக் கொடுத்தேன். முனிராஜு அதை வாங்கிப் பார்த்தார். மறுவார்த்தை பேசாமல் என் மேசைத் தொலைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, தகடு அழுத்தும் இயந்திரங்கள் அலறும் பிரஸ் ஷாப்பின் ஃபோர்மேனை அழைத்தார்.

"அண்ணா, உன் முன்னாடி இருக்கற கம்ப்யூட்டர் மேல ஒட்டியிருக்கற பேரைப் படி."

"பி சார்."

"எந்த பி?"

"பி தான் சார். பி."

"பாலக்கோடு பி-யா, பாகலூர் பி-யா?"

இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தி, "ரெண்டும் ஒரே பி தானே சார்?" என்றார் ஃபோர்மேன்.

முனிராஜு தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாலக்கோட்டுக்கும் பாகலூருக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்து, ஒன்று P, மற்றது B. நம் நாவுக்கும் காதுக்கும் ஒரே ப. என் பெயர்முறை முழுவதும் அந்த எழுத்தை நம்பி நின்றது. "ஊர் பேரே வெச்சிடலாம் மேடம். எப்படிப் பாத்தாலும் ஊர்லதான் வந்து நிக்கறோம்" என்றார். ஒழுங்கு தோற்கும் இடத்தை ஒப்புக்கொள்வதும் புள்ளியியல்தான். நான் கையெழுத்திட்டேன்.

அன்று முதல் நம் ஆலை ஒரு மாவட்டமாயிற்று. எல்லோரும் வந்துபோகும் பெரிய கணினிக்கு, வேறென்ன, தம் சொந்த ஊரான ஜவளகிரியின் பெயரை வைத்தார். "எங்க ஊருக்கு யானை வரும் மேடம், திருடன் வரமாட்டான்" என்பது அவர் சொன்ன நியாயம். சரக்கு வருவதும் போவதுமாக இருக்கும் ஸ்டோர்ஸ் கணினி, சந்தை கூடும் குந்தாரப்பள்ளி. பெயிண்ட் ஷாப்புக்குப் பின்னால், இணைப்பு வந்தாலும் வரும் வராவிட்டாலும் இல்லை என்று ஓர் ஓரத்தில் கிடந்த பழைய கணினி, பஸ் அதிகம் போகாத அஞ்செட்டி. என் கணினி மட்டும் ஊர் அல்ல. அதற்கு அவர் வைத்த பெயர் செக்போஸ்ட். கர்நாடக எல்லையில் லாரிகளை நிறுத்தி எல்லாத் தாள்களையும் கேட்பார்களே, அது. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இதில் சிக்கல்கள் வராமல் இல்லை. குந்தாரப்பள்ளிக்காரர் ஒருவர் வெல்டிங் பிரிவில் இருந்தார். ஸ்டோர்ஸ் கணினி அடிக்கடி நின்றுபோகும். நின்றதும் யாராவது, "குந்தாரப்பள்ளி மறுபடியும் படுத்துடுச்சு" என்று ஆலை முழுக்கக் கேட்கக் கத்துவார்கள். ஒருநாள் அவர் எங்கள் பிரிவுக்கே வந்துவிட்டார்.

"எங்க ஊருதான் கெடைச்சுதா சார் உங்களுக்கு? தெனமும் படுக்குது படுக்குதுன்னா கேக்கறவன் என்ன நெனப்பான்? எனக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்காங்க."

முனிராஜு சிரிக்காமல், அந்தக் கணினிக்குக் கூடுதல் நினைவகம் வாங்கிப் போட்டார். அது படுப்பது நின்றது. வேறு எந்த நியாயம் சொல்லியிருந்தாலும் கணக்குப் பிரிவு அந்தச் செலவுக்குச் சம்மதித்திருக்காது என்பது எனக்குத் தெரியும். வெல்டருக்கும் திருமணம் ஆயிற்று.

நான் ஓய்வு வயதைத் தாண்டி ஆலோசகராக இருந்த காலத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் வற்புறுத்தலால் கண்காணிப்பு மென்பொருள் ஒன்று வந்தது. தரவுத்தளத்தை எந்தக் கணினியிலிருந்து எப்போது தொட்டார்கள், எதைப் படித்தார்கள், எதை மாற்றினார்கள் என்று அது இடைவிடாமல் பதிவுசெய்து, தினமும் காலையில் மேலாளர்கள் எல்லோருக்கும் அறிக்கையாக அனுப்பும். அறிக்கை முழுவதும் எண்முகவரிகள். பெயர்களை எல்லாம் அழித்துவிட்ட தொலைபேசிப் புத்தகம் போல் இருந்தது. மேலாளர்கள் அதைப் படிப்பதாகச் சொன்னார்கள். முனிராஜு நம்பவில்லை. ஒருநாள் அறிக்கையின் நடுவில், எண்களுக்கிடையே, "இந்த வரியைப் படிப்பவருக்கு என் செலவில் மட்டன் பிரியாணி" என்று சேர்த்து அனுப்பினார். பிரியாணி கேட்டு யாரும் வரவில்லை. அதே வரியை அந்த வாரம் முழுக்க அனுப்பினார். இறுதியில் அந்தப் பிரியாணியை அவரும் நானும் சாப்பிட்டோம். எனக்கு முட்டை மட்டும்.

அதன்பிறகு எந்த எண் எந்தக் கணினி என்று அவர் மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஊர் முளைத்தது. ஜவளகிரி விலைப் பட்டியலைப் படித்தது. குந்தாரப்பள்ளி சரக்கு இருப்பை மாற்றியது. உடனே எல்லோரும் படிக்கத் தொடங்கினார்கள். கொள்முதல் மேலாளர் மூச்சிரைக்க வந்து, "விலைப் பட்டியல்ல ஜவளகிரிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கேட்டது நல்ல கேள்வி. விலை பார்க்க எல்லோரும் ஜவளகிரி வழியாகத்தான் போவார்கள் என்ற பதிலும் நல்ல பதிலாகவே இருந்தது. ஆனால் அப்படி ஒரு கேள்வி அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. நான்கு எண்கள் திருடினால் யாருக்கும் உறைக்காது, ஓர் ஊர் எட்டிப் பார்த்தால்கூட ஊரே பேசும். இதை அறிந்திருந்ததுதான் முனிராஜுவின் மேதைமை. நான் அவரிடம் இதைச் சொன்னதில்லை, அவரே அடிக்கடி சொல்லிக்கொண்டதால்.

வெற்றி அவர் தலைக்கேறியது. பெயர் வந்துவிட்டதால் எண்ணை நீக்கிவிடலாம், அறிக்கை பார்க்க அழகாக இருக்கும் என்றார். நான் முடியாது என்றேன்.

"இன்னும் எதுக்கு மேடம் அந்த நம்பரு? கல்யாணம் ஆனப்புறம் ஜாதகத்தை யாராவது கையில வெச்சுட்டுத் திரியறாங்களா?"

"கசந்தால் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்."

"உங்க வாயில நல்லதே வராதா?"

"வராது. எண் இருக்கட்டும்."

எண் இருந்தது. அது இருந்ததால்தான் மாதேஷின் வேலை இருந்தது.

மாதேஷ் அப்போது பெயிண்ட் ஷாப்பில் நிரந்தரமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமம். பிறர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில், மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்ட முதல் ஆள். வாய்த்துடுக்கு உண்டு. அதனாலேயே ஊதிய உயர்வுப் பேச்சுவார்த்தைக்குத் தொழிலாளர் தரப்பில் அவரையும் சேர்த்திருந்தார்கள். மாதேஷ் என்று கூப்பிட்டால் ஷிப்டில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால், நம் ஆலை வழக்கப்படி அவரை அஞ்செட்டி என்றே எல்லோரும் அழைத்தார்கள்.

மனிதவள மேலாளராக ராகவன் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காவிரிக் கரைக்காரர். இங்கே ஆட்களை ஊர்ப் பெயரால் அழைப்பதைக் கவனித்து, அக்கறையோடு கற்றுக்கொண்டிருந்தார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. அந்த நல்ல பழக்கமே அவரைக் கவிழ்த்தது. கண்காணிப்பு அறிக்கை பெறுவோர் பட்டியலில் அவரை அப்போதுதான் சேர்த்திருந்தார்கள், ஒரு காலையில் அது அவருக்கு முதன்முறையாக வந்தது. அதன் உச்சியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: அஞ்செட்டி, அதிகாரிகளின் சம்பளப் பட்டியல், முழுவதும் படிக்கப்பட்டது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த வாரம் அது. ராகவன் எங்களில் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அறிக்கையில் ஊர் இருக்கிறது, அந்த ஊர்க்காரன் யாரென்று தமக்குத் தெரியும். மாதேஷை வாயிலிலேயே நிறுத்தி, விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்து, விசாரணை முடியும்வரை வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

செய்தி கேண்டீன் வழியாக எங்களுக்கு வந்தது. முனிராஜு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்க மேடம், ஒரு மெஷினுக்கு ஜாமீன் எடுக்கணும்" என்றார். ராகவனின் அலுவலகத்தில் அப்போது வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால், அவர் தற்காலிகமாகப் பெயிண்ட் ஷாப்புக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனபோது மாதேஷ் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் நிற்க வைத்திருந்தார்கள்.

"ரிப்போர்ட்ல தெளிவா பேர் இருக்கு மேடம். நம்ம ஆலையில அஞ்செட்டி இவர் ஒருத்தர்தானே?" என்றார் ராகவன்.

"சார், அது மெஷின் சார். பெயிண்ட் ஷாப் பின்னாடி ஒரு கம்ப்யூட்டருக்கு அந்தப் பேரை நான்தான் வெச்சேன்" என்றார் முனிராஜு.

மாதேஷ் திரும்பிப் பார்த்தார். "எங்க ஊர் பேர்ல கம்ப்யூட்டர் இருக்குதுங்களா சார்? எங்க ஊர்லயே இல்லீங்களே."

ராகவன் விடுவதாக இல்லை. "சரி, மெஷினாவே இருக்கட்டும். அஞ்செட்டி மெஷின்ல அஞ்செட்டிக்காரர் உட்காராம வேற யார் உட்காருவாங்க?"

"அப்படியானால் குந்தாரப்பள்ளியில் மாடுதான் உட்கார வேண்டும், ராகவன்" என்றேன்.

முனிராஜு இதற்குச் சிரிக்கவில்லை. என் வேடிக்கைக்கு அவர் சிரிக்காமல் இருந்தது எனக்கு நினைவு தெரிந்து அந்த ஒருமுறைதான். அவர் முகம் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. அஞ்செட்டி என்ற அந்தக் கணினியைப் பழுதுபார்க்கப் பெங்களூருக்கு அனுப்பிப் பல நாள்கள் ஆகியிருந்தன. அனுப்பியவர் அவரே. இல்லாத கணினி எப்படிச் சம்பளப் பட்டியலைப் படிக்கும்?

அவர் குனிந்து ராகவனின் மேசைக்கு அடியில் பார்த்தார்.

"சார், உங்க லேப்டாப்புல சொருவியிருக்கீங்களே, இந்த வயர் ஏது?"

"இங்க மூலையில சும்மா கிடந்தது. எடுத்துச் சொருகிக்கிட்டேன். ஏன்?"

"ஒரு நிமிஷம் அதை இப்படித் திருப்புங்க சார்."

முனிராஜு அந்த மடிக்கணினியில் ஏதோ தட்டினார். திரையில் அதன் எண்முகவரி வந்தது. நான் அறிக்கையை நீட்டினேன். அஞ்செட்டி என்ற பெயருக்குப் பக்கத்தில், அவர் நீக்கச் சொன்ன, நான் நீக்க மறுத்த எண். இரண்டும் ஒன்றே. அந்தப் பகுதிக்கென்று ஒதுக்கிய எண்களில், அஞ்செட்டி போனதால் காலியானதைப் புதிதாக வந்த மடிக்கணினி வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் குடியிருந்தவர் மாறிவிட்டார், வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாறவில்லை.

"அந்தச் சம்பளப் பட்டியலை யார் திறந்தது, ராகவன்?" என்று கேட்டேன்.

அவர் நல்ல மனிதர். "பேச்சுவார்த்தைக்குத் தயார் பண்ண நான்தான் எடுத்தேன்" என்றார்.

குற்றமே நடந்திருக்கவில்லை. பார்க்க உரிமையுள்ளவர் பார்க்க வேண்டியதைப் பார்த்திருந்தார். குற்றவாளி மட்டும் முன்கூட்டியே கிடைத்திருந்தார்.

இந்த இடத்தில் முனிராஜு வாய்விட்டுச் சிரித்து, தம் வாழ்நாள் முழுவதற்குமான கதை ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டு வெளியேறியிருக்கலாம். பழி முழுவதும் ராகவன் தலையில் விழுந்திருக்கும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் காலியாக இருந்த நாற்காலியை இழுத்து மாதேஷின் பக்கம் போட்டு, "உக்காரு" என்றார். மாதேஷ் உட்காரத் தயங்கினார். நிலம் வைத்திருந்த குடும்பத்து மனிதர் நிற்க, அந்த மலைக்காட்டுக்காரர் உட்காருவது இந்தப் பக்கத்தில் வழக்கமாக நடப்பதல்ல என்பதை அங்கே இருந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை, ராகவனைத் தவிர. முனிராஜு அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு நின்றபடியே பேசினார்.

"தப்பு என்னுது மாதேஷு. பேர் வெச்சேன். வெச்ச பேரு இன்னும் அங்கதான் இருக்குதான்னு திரும்பி வந்து பாக்கல."

"பரவால்லீங்க சார். எங்க ஊருக்கு யாரும் திரும்பி வந்து பாக்கறதில்லீங்க" என்றார் மாதேஷ்.

ராகவன் விளக்கக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். மாதேஷ் அன்று மதிய ஷிப்டிலேயே வேலைக்குப் போனார். பேச்சுவார்த்தையில் அவருடைய வாய் மேலும் நீண்டது என்று கேள்விப்பட்டேன்.

முனிராஜு அதன்பிறகு அந்தக் கண்காணிப்பு முறையையே புரட்டிப் போட்டார். முன்பு ஒருமுறை ஒட்டிய பெயரே என்றும் நிற்கும். இப்போது தரவுத்தளத்தை ஒரு கணினி தொடும் அந்தக் கணத்தில், அந்த எண் யாரிடம் இருக்கிறது என்று புதிதாகக் கேட்டறிந்து, எண்ணையும் பெயரையும், இரண்டும் எந்தத் தேதியிலிருந்து சேர்ந்திருக்கின்றன என்பதையும் அருகருகே எழுத வைத்தார். "பேரு நாம வெச்சது மேடம். நம்பர் அது கொண்டுவந்தது. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சா, தேதியையும் எழுதிடணும்" என்றார். ஜாதகம் பற்றி நான் முன்பு சொன்னதை நினைவூட்டினேன். "அதைச் சொல்லாம உங்களுக்குச் சோறு எறங்காதே" என்றார். உண்மைதான், அன்று நன்றாகவே சாப்பிட்டேன்.

ஊர்ப் பெயர்கள் இனி வேண்டாம் என்று ராகவன் சுற்றறிக்கை எழுதத் தயாரானார். அதைக் கேள்விப்பட்டு எங்கள் பிரிவுக்கு வந்தவர் மாதேஷ்.

"எங்க ஊர் பேரை எடுக்கப் போறீங்களாமே சார்?"

"உன்னாலதானே அவ்வளவும்."

"எடுக்காதீங்க சார். இந்தக் கம்பெனியில எங்க ஊருக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதுவும் ரிப்பேர்."

முனிராஜு யோசித்தார். பழுது நீங்கித் திரும்பிவந்த அந்தக் கணினிக்கு 'அஞ்செட்டி-மெஷின்' என்று பெயர் வைத்தார். ஜவளகிரி-மெஷின், குந்தாரப்பள்ளி-மெஷின் என்று எல்லா ஊர்களுக்கும் வால் முளைத்தது. ராகவனுக்கும் அதில் ஆட்சேபமில்லை. ஆனால் ஆலை தன் வேலையைக் காட்டியது. மெஷின் ஒன்று இருக்கும்போது வெறும் அஞ்செட்டி என்று கூப்பிட்டால் குழப்பம் வரும் என்று, மாதேஷை அன்று முதல் எல்லோரும் அஞ்செட்டி மனுசன் என்றார்கள். அந்தப் பெயரில்தான் அவர் இன்றும் தொலைபேசியை எடுக்கிறார்.

நான் ஒருவழியாக ஆலோசகர் பதவியையும் விட்ட நாளில், வழக்கமான சால்வை, பூச்செண்டு, பொய்கள் எல்லாம் நடந்தேறின. முனிராஜு பேச மறுத்துவிட்டார். தேநீர் நேரத்தில் என் பக்கம் வந்து, "செக்போஸ்ட்டைக் காலையிலேயே எடுத்துட்டேன் மேடம்" என்றார். என் கணினியின் பெயரை, நான் அதன் முன் கடைசியாக உட்கார்ந்து எழுந்த உடனேயே நீக்கியிருக்கிறார்.

"தேநீர் குடிக்கும்வரை பொறுத்திருக்கக் கூடாதா?"

"நாளைக்கு அந்த எடத்துல வேற யாராவது உக்காருவாங்க. அவங்க பண்ற தப்பு உங்க பேர்ல பதிவாகணுமா?"

எனக்குக் கிடைத்த பிரிவுபசாரங்களில் பொருளுள்ளது அது ஒன்றுதான். சால்வையைப் பால்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

தளி ரோட்டு வீட்டு வாசலில் அன்று மூன்று பேனர்கள் கட்டியிருந்தார்கள். தெரு நண்பர்கள் கட்டியதில் முனிராஜ், ஜவளகிரி உறவினர் கட்டியதில் முனிராஜு, மனைவி வீட்டார் கன்னடத்தில் கட்டியதில் முனிராஜப்பா. மூன்றிலும் கறுப்பு முடியுடன் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து ராகவன் வந்திறங்கினார். அங்கே குடியேறிய பிறகு கன்னடம் படிக்கவும் கற்றிருக்கிறார். பேனர்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெல்லிய குரலில் கேட்டார்.

"மேடம், இதே தெருவுல முனிராஜப்பான்னு இன்னொருத்தரும் தவறிட்டாரா?"

பக்கத்தில் நின்ற மாதேஷ், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். அழுதுகொண்டிருந்த முனிராஜுவின் மனைவி அதைக் கேட்டுவிட்டு, அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார். "அவரு இருந்திருந்தா இதை ஒரு வருசம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பாரு" என்றார். ராகவன் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று பெயர், ஒரே எண் என்று அவருக்கு நான் விளக்கினேன். இம்முறை அவர் நம்புவதற்கு முன் கேட்டார் என்பதைப் பாராட்டவும் செய்தேன்.

மறுநாள் கைப்பேசியை எடுத்து முனிராஜுவின் பெயரைத் தேடினேன். இறந்தவர்களின் எண்ணைப் பலர் அப்படியே வைத்திருக்கிறார்கள். அது அன்பு என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அந்த எண்ணைச் சிறிது காலத்தில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் தவறான எண்ணை அழுத்த, என் திரையில் முனிராஜு என்று வரும். ஒரு கணம் நான் நம்பியும் விடுவேன். இறந்த மனிதர் பெயரில் அப்படி ஒரு பொய் பதிவாவதை, என் தேநீர் ஆறும்வரைகூடப் பொறுக்காத அந்த மனிதர் ஒப்பமாட்டார். ஆகவே அந்தப் பெயரை நீக்கினேன்.

பிறகு மாதேஷின் புதிய எண்ணைச் சேமித்தேன். 'மாதேஷ், அஞ்செட்டி மனுசன்' என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியையும் சேர்த்தேன். முனிராஜுவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தேதியைத்தான்.